கள்ளுக்கடை விருந்தோம்பல்: டெங்கில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சுவைநயவியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாசிக்கில் சூலா நிறுவனம் 2005இல் ஒயின் சுவைக்கூடம் திறந்தபோது, இந்தியாவுக்கு இது புதுசு என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்து, கொடியின் குலங்கோத்திரம் சொல்லி, வந்தவரைத் தலையாட்ட வைப்பதுதான் அங்கே கலை. அந்தக் கலையை மலாயாத் தோட்டத்துக் கள்ளுக்கடை வெகுகாலம் முன்பே கரைத்துக் குடித்துவிட்டது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆய்வுக் களம்

மலேசியாவின் டெங்கிலில் திராட்சைத் தோட்டம் கிடையாது. லங்காட் ஆறு உண்டு, செம்பனை உண்டு. ஒரு பக்கம் புத்ராஜெயா, இன்னொரு பக்கம் சைபர்ஜெயா. முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டத்தின் மேலும், அதை ஒட்டிய ரப்பர் தோட்டங்களின் மேலும்தான் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்துப் பழக்கவழக்கத்தை ஆராய இதைவிடத் தோதான இடம் அமையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் இதே செம்பனையிலிருந்து கள் இறக்குகிறார்கள் என்ற தகவலை, வட்டாரத் தோட்ட நிர்வாகங்களின் மன அமைதி கருதி, இத்துடன் விடுகிறோம்.

2. சரக்கு

ஒயினின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்வார்கள்; கள்ளின் வயதை மணிக் கணக்கில். தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டியதுமே, யாரும் சேர்க்காமல் தானாக வந்த ஈஸ்ட் வேலையில் இறங்கிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள், மறுநாள் புளிப்பு, அப்புறம் காடி. பழைய சரக்கு என்பது அங்கே பெருமை, இங்கே அடிதடி.

3. சேவை முறைகள்

அ) மணம்: சுவைக்கூடத்தில் கிண்ணத்தைச் சுழற்றி மூக்கை நுழைக்க வேண்டும். கள்ளுக்கடையில் அந்தச் சிரமம் இல்லை. மணம் தொழிலாளர் குடியிருப்பான லயத்து முனைக்கே வந்து ஆளை அழைத்துப் போகும்.

ஆ) நுரை: குவளையில் மிதக்கும் எறும்பை, உதட்டைக் குவித்து, நுரையோடு சேர்த்து ஒரே ஊதலில் ஓரங்கட்ட வேண்டும். ஊதல் பலமானால் கள் சிந்தும். இளைத்தால் எறும்பு உள்ளே போகும். இதற்குப் பட்டயப் படிப்பு எதுவும் இல்லை.

இ) துப்புதல்: சுவைத்ததைத் துப்பச் சுவைக்கூடத்தில் ஒரு பாத்திரம் வைப்பார்கள். கள்ளுக்கடையில் அப்படியொன்று வைத்திருந்தால், அதிலும் ஊற்றச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

ஈ) தொடுகறி: அங்கே பாலாடைக்கட்டி, இங்கே காரம் தூக்கலான கருவாடு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், அடுத்த குவளைக்கு ஆள் பிடிப்பது.

4. மரியாதை

பிரிட்டிஷ் காலத்துத் தோட்டங்களில், துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்தது. கிராணி என்ற தோட்ட எழுத்தர் வந்தாலும் இறங்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் அவனை யாரும் இறங்கச் சொல்லாத இடம் ஒன்று இருந்ததென்றால், அது கள்ளுக்கடைதான். "வாங்கண்ணே" என்று கூப்பிட்டு, குவளை வழிய ஊற்றிக் கொடுப்பார்கள். பல தோட்டங்களில் நிர்வாகமே உரிமம் எடுத்துக் கடை நடத்தியதால், சம்பளம் கொடுத்த கையும் கல்லாவில் வாங்கிப் போட்ட கையும் ஒன்றே. வாடிக்கையாளரைத் தக்கவைக்க இதைவிடச் சிறந்த திட்டத்தை எந்தச் சுவைக்கூடமும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. சம்சு என்ற சாராயத்தைக் குடித்துச் சாவதற்குக் கள் மேல், அதில் வைட்டமினும் உண்டு என்று கடைக்கு ஆதரவாக நியாயம் சொன்னார்கள். கடை லாபம் தொழிலாளர் நலனுக்கே என்றும் ஏற்பாடு இருந்தது. எவ்வளவு குடிக்கிறானோ, அவ்வளவு நலம்.

5. வாடிக்கையாளர் கருத்து

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: கள்ளுக்கடையை மூடு. சரக்கு புளிக்கிறது என்றோ, அளவு குறைகிறது என்றோ புகார் இல்லை. கடையே வேண்டாம் என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் பதில் சேவை மேம்பாட்டுக் குழுவாக வரவில்லை. மே மாதம் நாதன் கைதானார். பின்பு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர் உயிர்கள் போயின.

6. முடிவும் பரிந்துரையும்

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவது: சிரித்த முகமும் நிறைந்த குவளையும் மட்டும் விருந்தோம்பல் ஆகிவிடாது. எழுந்து போக வழியுள்ளவன்தான் விருந்தாளி. மற்றவன் பற்று வரவுக் கணக்கில் ஒரு வரி. எனவே உலகச் சுவைக்கூடங்கள் அனைத்தும் தங்கள் கருத்துப் படிவத்தில் முதல் கேள்வியாக இதைச் சேர்க்க வேண்டும்: "வேண்டாம் என்று சொன்னால் போவதற்கு உங்களுக்கு வேறு இடம் இருந்ததா?" ஆம் என்பவரிடம் மட்டும் மணம், நிறம், சுவை பற்றிக் கேட்கலாம்.