ஐசிங் வைத்த வீடுகள்

ஆவடிக்கென்று ஒரு நிறம் உண்டு: ஆலிவ் பச்சை. 1965-ல் அங்கிருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதற்கு அடித்தது போக மிச்சமிருந்த பெயின்ட் இன்னும் தீரவில்லையோ என்று நினைக்கும்படி கேட், காம்பவுண்டு சுவர், டிரங்குப் பெட்டி, ரிட்டயரான பெரியவர்களின் குல்லாய் வரைக்கும் அதே பச்சை. அம்பத்தூரின் நிறம் சாம்பல். எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் லேத் பட்டறை, கிரீஸ், இரும்புத் தூள், ரெட் ஆக்சைடு அடித்துக் காயப்போட்ட கம்பிகள். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கேதான் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று கலர் கலராக வண்டிகளைச் செய்தது. பளபளப்பெல்லாம் வண்டியோடு வெளியூர் போய்விட்டது. பூவிருந்தவல்லியோ பெயரில் மட்டும் பூவை வைத்துக்கொண்டு, மெட்ரோ தூண் வேலை ஆரம்பித்ததிலிருந்து முகமெல்லாம் சிமென்ட் பவுடர் பூசி நிற்கிறது.

இந்த முக்கோணத்தின் ஓரத்தில் திருமுல்லைவாயிலில் குடியிருக்கிற ஒருவனுக்கு ரோஸ் கலர் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தால் எங்கே போவான்? தெருமுனை பேக்கரிக்குத்தான்.

தின்பதற்கல்ல. என்னுடைய மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் பார்த்த டாக்டர், "இனிப்புப் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டார். நான் பக்கம் போவதில்லை, எதிரில் நிற்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கலோரி கிடையாது. மேல்தட்டில் பிளாக் ஃபாரஸ்ட், பட்டர்ஸ்காட்ச், பிஸ்தா, ரெட் வெல்வெட். நடுத்தட்டில் ஹனி கேக், ஜாம் ரோல், மேலே தேங்காய்த்துருவல் தூவிய கிரீம் பன். கீழ்த்தட்டில் தில்பசந்த், பட்டர் பிஸ்கட், முட்டை பப்ஸ். எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து, விரல் இடுக்கில் கிரீஸோடு வருகிறவர்கள் ஒரு டீயைக் கையில் வாங்கிக்கொண்டு இந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வாங்குவது ஒரு தேங்காய் பன். பார்ப்பது முழு ஷோகேஸும். 1850-ல் தொடங்கிய ஓவியக் கல்லூரி எழும்பூரில் இருக்கிறது, சோழமண்டலத்தில் 1966-லிருந்து ஓவியர்கள் கிராமமே இருக்கிறது. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு அங்கெல்லாம் யார் போவது?

எங்கள் கடை மாஸ்டருக்கு ஊர் கண்ணூர்ப் பக்கம். கேக் தன் ஊர்ச் சொத்து என்பது அவர் கட்சி. கட்சியில் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கம் தலச்சேரியில் பிஸ்கட் பேக்கரி வைத்திருந்த மாம்பள்ளி பாப்புவிடம், 1883 கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்து கேக் ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, இதே மாதிரி செய்து தா என்றாராம். இந்தியாவில் நாமே செய்த முதல் கேக் அதுதான் என்று சொல்கிறார்கள். எங்கள் மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லும்போது பாப்பு அவருக்குச் சித்தப்பா முறை போலத் தோன்றும்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். ஒருநாள் சாயங்காலம் ஒரு அம்மா வந்து அரைக் கிலோ பைனாப்பிள் கேக் கேட்டார்.

"பேர் என்ன எழுதணும்க்கா?"

"ஹேப்பி பர்த்டே சாய் வெங்கட கிருஷ்ண பிரணவ்."

மாஸ்டர் கேக்கைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அக்கா, பேர் ஒரு கிலோ வருது. கேக் அரைக் கிலோதான்."

"ஒண்ணையும் விடக் கூடாது. எல்லாம் தாத்தா பேரு."

பேரம் படியவில்லை. மாஸ்டர் பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிச் சாக்லேட்டை ஊற்றி, நுனியைக் கத்தரியால் அரிசி முனை அளவுக்கு நறுக்கினார். முதல் கோட்டைக் கேக்கில் போடவில்லை. தன் புறங்கையில் போட்டுப் பார்த்தார். பிறகு இடது கையால் சுழல்மேசையை மெல்லத் திருப்ப, வலது கை அசையாமல் நின்றது, கேக்தான் நகர்ந்தது. பெயர், ஓரத்திலிருந்த கிரீம் பூக்களுக்கு உள்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, வாலைத் தலையோடு சேர்த்துக்கொண்ட பாம்பு மாதிரி வந்து முடிந்தது. எந்தத் தாத்தாவும் விடுபடவில்லை. கேக்கை வெட்டும்போது எந்தத் தாத்தாவில் கத்தி விழும் என்பது அவர்கள் குடும்ப விவகாரம்.

கடைசியில் உச்சியில் ஒரு செர்ரி. அது செர்ரியே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நம்மூர்க் கேக்குகளின் தலையில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் களாக்காய். புளித்துக் கிடந்த களாக்காயைக் கொட்டை நீக்கி, சிவப்பேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தால் அது செர்ரி என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. டூட்டி ஃப்ரூட்டியாக மின்னுவது பச்சைப் பப்பாளிக்காய். சிறுவயதில் முள்ளுக்குத் தப்பிப் பறித்து உப்பு தொட்டுத் தின்ற களாக்காய் இப்படிப் பெரிய இடத்தில் போய் உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நிறம் என்றால் எச்சரிக்கையும் வேண்டும். சாப்பிடுகிற பொருளில் சேர்க்கும் செயற்கை நிறத்துக்குச் சட்டம் பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று கோடு கிழித்திருக்கிறது. பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை போட்டது. அந்த வாரம் ஆவடி ஸ்டேஷன் வாசலில் ரோஸ் கலரே காணாமல் போய்விட்டதாக எனக்குப் பட்டது. சாயம் போட்டவர்களை நான் ஆதரிக்கவில்லை. ரோஸ் கலருக்காக மட்டும் துக்கம் அனுசரித்தேன்.

இப்படி நான் கண்ணால் தின்றுகொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கும் பேச்சு வந்தது.

"என்னங்க, சந்தன கலர் சொல்லிடுங்க. அழுக்கு தெரியாது" என்றாள் மனைவி.

அழுக்கு தெரியாத கலர்! எங்கள் பக்கத்து வீடுகளின் பாதிச் சரித்திரம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். மீதிப் பாதிதான் சுவாரசியம். திருமுல்லைவாயில், அண்ணனூர், பட்டாபிராம் பக்கம் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். வங்கிக் கடன் கிடைத்துக் கட்டிய புதுவீடுகள், முன்பக்கத்துக்கு 'எலிவேஷன்' என்று தனிச் செலவு வைத்து, ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம், திராட்சை என்று நிற்கும். ஜன்னலைச் சுற்றி வெள்ளைக் கரை. மாடிக் கைப்பிடிச் சுவரில் வளைவு வளைவாக அலை. போர்டிகோவைத் தாங்க இரண்டு தூண். தூணுக்கு மேலே பூ. படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கட்டடக் கலை படித்த என் மைத்துனன் மகன், "மாமா, இது வீடா பர்த்டே கேக்கா?" என்றான்.

அவன் கிண்டலாகச் சொன்னது எனக்கு ஒரு கண்டுபிடிப்பாகப் பட்டது. உண்மையில் இது கேக்தான்! கொத்தனார் செங்கல்லுக்கு நடுவே கலவை வைத்து அடுக்குகிறார். மாஸ்டர் ஸ்பாஞ்சுக்கு நடுவே கிரீம் வைத்து அடுக்குகிறார். சுவர் விரிசல் விடாமலிருக்கத் தண்ணீர் விட்டு ஊறவைக்கிறார்கள். கேக் வறளாமலிருக்கச் சர்க்கரைத் தண்ணீர் தெளிக்கிறார்கள். முதலில் ஒரு மெல்லிய பூச்சு, உதிரும் தூளை அமுக்க. அது காய்ந்தபின் அசல் பூச்சு. மேஸ்திரி மணியாசுக் கட்டையால் தேய்க்கிறார், இவர் நீளக் கத்தியால் வழிக்கிறார். ரசமட்டம் மட்டும் பேக்கரியில் கிடையாது. கல்யாணத்துக்குச் செய்யும் மூன்றடுக்குக் கேக்கில் வெள்ளைப் பிளாஸ்டிக் தூண் நிறுத்துகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் போர்டிகோவைப் பாருங்கள். ஒரே அச்சு.

இந்த உறவு பழையது. பாரிஸில் அந்தோனான் கரேம் என்று ஒரு சமையல் மேதை இருந்தார், 1833-ல் இறந்தார். இளம் வயதில் மிட்டாய்க் கடையில் வேலை பார்த்தபோது ஓய்வு கிடைத்தால் நூலகத்துக்கு ஓடிப்போய்க் கட்டட வரைபடங்களைப் பார்த்து வரைந்துகொள்வார். திரும்பி வந்து சர்க்கரையிலும் மாவிலும் கோயில், பிரமிடு, இடிந்த மண்டபம் என்று கட்டி ஷோகேஸில் வைப்பார். லண்டனில் ஃப்ளீட் தெருவில் கிறிஸ்டோபர் ரென் கட்டிய செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தின் கோபுரம் அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே மேலே போகும். வில்லியம் ரிச் என்ற பேக்கரிக்காரர் அதைப் பார்த்துத்தான் அடுக்குக் கல்யாணக் கேக்கைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு.

அதாவது, அங்கெல்லாம் கேக் கட்டடத்தைக் காப்பியடித்தது. எங்கள் தெருவில்தான் கட்டடம் கேக்கைக் காப்பியடிக்கிறது. உலகத்துக்கு நாங்கள் கொடுத்த கொடை என்று இதைச் சொல்லலாம். மைத்துனன் மகனிடம் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே "ஓ" என்றான்.

ஓவியர்களிலும் எங்கள் கட்சிக்காரர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் வெய்ன் தீபோ. 1920-ல் பிறந்து 2021 கிறிஸ்துமஸ் அன்று, நூற்றொரு வயதில் இறந்தார். சிறுவயதில் உணவுக்கடையில் எடுபிடி வேலை பார்த்தவர். 1960-களில், சகாக்களெல்லாம் புரியாத படம் வரைந்துகொண்டிருந்தபோது, இவர் கடைக் கண்ணாடிக்குள் வரிசையாக இருக்கும் கேக்குகளையும் பை துண்டுகளையும் வரைந்தார். 1963-ல் வரைந்த 'கேக்ஸ்' வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பெயின்ட்டை மெல்லத் தடவமாட்டார். ஐசிங் பூசுவது போலக் கெட்டியாக அப்பி இழுப்பார். நிழலைக் கறுப்பில் போடாமல் நீலத்தில் போட்டிருப்பார். எங்கள் பேக்கரியில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஹனி கேக்கின் நிழல் நீலமாகத்தான் விழுகிறது. போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இத்தனை ஆதாரங்களோடு மனைவியிடம் பிஸ்தா பச்சை கேட்டேன். அவள் நான் சொன்ன பாரிஸ் விஷயம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அழுக்கு?" என்றாள். கடைசியில் உடன்படிக்கை ஆனது: சுவர் பிஸ்தா, கீழே இரண்டடிக்கு அழுக்கு தெரியாத சாக்லேட். மழையில் சேறு தெறிக்கிற உயரம் அதுதான். எங்கள் பக்கத்தில் தண்ணீர் அதற்கு மேலும் வரும், ஆனால் அப்போது பெயின்ட்டைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

பெயின்ட் கடையில் ஷேட் கார்டைக் கொடுத்தார்கள். ஆயிரம் கட்டம், அத்தனையும் வெளிநாட்டுப் பாலைவனம், பனிமலைப் பெயர்கள். நான் கேட்ட பச்சை ஒன்றில்கூட இல்லை. அதனால் பேக்கரியிலிருந்து ஒரு துண்டு பிஸ்தா கேக்கை டப்பாவில் வாங்கிப்போய்க் கவுண்டரில் வைத்தேன். கலர் கலக்கும் மெஷினை இயக்கும் பையன் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"சார், இதை ஸ்கேன் பண்ணா மெஷின்ல ஒட்டிக்கும். கண்ணால பார்த்தே பண்ணிடறேன்."

இரண்டு முறை நீலம், ஒரு முறை மஞ்சள் சொட்டு சேர்த்து, டப்பாவை மெஷினில் குலுக்கித் திறந்தான். விரலால் தொட்டு அட்டையில் தடவினான். அச்சு அசல் அந்தப் பச்சை. ஒப்பிடுவதற்காகக் கேக்கைத் தேடினேன். டப்பா காலி.

"ஷேடு கரெக்ட் சார்" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டே. "டேஸ்ட்டும் நல்லா இருந்துச்சு."

பெயின்டர் வந்தார். உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் முடித்தார். ஜன்னல் கரைக்கு வெள்ளை வைக்கும்போது, "சார், மொட்டை மாடி டேங்குக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மனைவியிடமிருந்து பதில் வந்தது: "சிவப்பு அடிங்க." திரும்பிப் பார்த்தேன். "பின்னே, அத்தனையும் பண்ணிட்டு செர்ரி வேண்டாமா?" என்றாள்.

இப்போது கூரியர்காரர்கள் வழி கேட்பதில்லை. "அண்ணா, அந்தக் கேக் வீடுதானே?" என்று போனிலேயே உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அண்ணன், கையில் ஷேட் கார்டோடு கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்று எங்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தங்கச்சி, இந்தக் கலர் எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று கேட்டார்.

மனைவி பேக்கரிக்கு வழி சொல்லி அனுப்பினாள்.