80-ஐக் கழித்தது போக

கோயம்புத்தூர்ச் சகலை முந்தாநாள் ஃபோன் செய்தார். "சகல, வாட்ஸ்அப்ல ஒரு விலைப்பட்டியல் வந்திருக்கு. 80% டிஸ்கவுண்ட்டாம். நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, உங்களுக்குன்னா 90 தர மாட்டானா?"

ஐப்பசி பிறந்தால் விருதுநகரில் குடியிருப்பவனுக்கு இதுதான் வேலை. சம்பளம் கிடையாது. வருஷம் பூராவும் செத்தானா இருக்கானா என்று கேட்காத சொந்தமெல்லாம், நம் ஊரிலிருந்து சிவகாசிக்கு டவுன் பஸ் போகிற தூரம்தான் என்பதை அந்த மாதம் மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருக்கும்.

டிஸ்கவுண்ட் என்ற சொல் இங்கிலீஷில் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். வினையாக வரும்போது அதற்கு வேறொரு பொருள் இருக்கிறது. பட்டாசு வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் பெயரை முடித்துவிடுகிறேன்.

பொட்டலப் பொருள்மேல் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டு விதிகள். 18% ஜிஎஸ்டி உட்பட எல்லா வரியும் அதற்குள் அடங்க வேண்டும். 'அதிகபட்சம்' என்றதும் எங்கள் பக்கத்துக்காரர்கள் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். இந்தக் கழித்தல் கணக்கை யார் எங்கே போய்க் கற்றுவந்தார்களோ.

பெட்டியில் போட்ட விலையைக் கொடுத்து வாங்குகிற ஆள் எங்கேயாவது இருப்பானா? இருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம், லட்சுமி வெடி எல்லாம் எடுத்து அடுக்கிவிட்டு, "பெட்டியில போட்டதையே எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்கிறான். அண்ணாச்சி முதலில் சிரிப்பார். அப்புறம் கால்குலேட்டரைக் கீழே வைப்பார். 80-ஐக் கழிக்காமல் பில் போட்டுப் பழக்கமில்லாத கை, ஓடாது. கடைப்பையன் உள்ளே ஓடிப் பெரியவரைக் கூட்டிவருவான். "தம்பி எந்த டிபார்ட்மெண்ட்?" என்பார் அவர் மரியாதையாக. ஜிஎஸ்டியா, வருமான வரியா, வெடிபொருள் ஆபீஸா? "டிபார்ட்மெண்ட்லாம் இல்லீங்கய்யா, எனக்குத் தள்ளுபடி வேண்டாம், அவ்வளவுதான்." உடனே ஃபேன் போடப்படும். கலர் உடைக்கப்படும். வந்தவன் பிள்ளைக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் சும்மா நீட்டப்படும். அந்த ஊரில் காசு வாங்காமல் கொடுத்த முதல் கிஃப்ட் பாக்ஸ் அதுவாகத்தான் இருக்கும். அவன் அதற்கும் முழு விலை தருவேன் என்பான். இதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிடுவார்கள். "இவரு குடுத்துட்டுப் போயிருவாரு. நாளைக்கு வாரவன் நிஜ விலை என்னன்னு கேட்டா நாம எங்கிட்டுப் போறது?" ஆளாளுக்குக் கும்பிட்டு, 85% தள்ளி, ஊர் எல்லைவரை கூடவே வந்து வழியனுப்பிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள்.

குழாய் சுருட்டி, திரி செருகிக் கொடுக்கிற அக்காமார்களுக்குப் பீஸ் ரேட்டு. அந்தக் கூலியை மட்டும் ஐந்து மடங்காக அச்சடித்துவிட்டு அப்புறம் கழித்துக்கொள்ளலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. கழிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது.

வினைச்சொல்லுக்கு வருகிறேன். அதற்குள் மறுபடி சகலை. "வாங்கி ஒரு பையில துணிக்கு அடியில வச்சு, ரயில்ல வர்ற யார்ட்டயாவது குடுத்து விடுங்க."

ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம் என்று ரயில்வே சட்டத்தை நிதானமாக எடுத்துச் சொன்னேன். சிறையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த ஆயிரத்துல எவ்வளவு குறைப்பாங்க, சகல?"