செத்தவர் கணக்கில் வராத ஆஸ்பத்திரி

நம் நாட்டில் ஒரு டாக்டர் கொரோனாவில் செத்தாரா இல்லையா என்பது, யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் 162 டாக்டர்கள் என்றது. இந்திய மருத்துவ சங்கம் 744 என்றது. மீதி 582 பேர் அரசைக் கேட்காமல் செத்துப்போன குற்றவாளிகள் போலிருக்கிறது. அதற்கும் சில மாதம் முன்பு, 2020 செப்டம்பரில், அப்படியொரு கணக்கே எங்களிடம் இல்லை, சுகாதாரம் மாநில விஷயம் என்று கைவிரித்தார்கள். ஆக, 162 என்பதே முன்னேற்றம்தான்.

எண்ண நேரமில்லாமல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 2020 மே 3-ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் பூ தூவின. அதற்கு ஐந்து வாரம் முன்புதான் கொல்கத்தா தொற்றுநோய் மருத்துவமனையில் இளம் டாக்டர்களுக்குப் பாதுகாப்பு உடை என்று பிளாஸ்டிக் மழைக்கோட்டைக் கொடுத்திருந்தார்கள். ஹரியானாவில் ஒரு டாக்டர் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார். மேலிருந்து பூ விழும் என்று முன்பே தெரிந்து தலையைக் காத்துக்கொண்டார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாமும் சளைத்தவர்களல்ல. அதே ஆண்டு மார்ச் 22 மாலை, மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி என்று வாசலில் நின்று தட்டைத் தட்டினோம். முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஆம்புலன்சைக் கல்லால் அடித்தோம்.

கவச உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து. வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிச் சுருட்டி இறக்க வேண்டும். இடையிடையே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். முகக்கவசம் கடைசியில், அதையும் முன்பக்கம் தொடாமல் பின்பட்டியைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்குப் போகாமல், வியர்வையில் ஊறிப்போன நர்ஸ் இத்தனையையும் தப்பில்லாமல் செய்ய வேண்டும். அவருக்காவது யாரோ ஒருவர் செய்து காட்டியிருப்பார். கழற்றிப் போட்டதை மஞ்சள் பையில் அள்ளிக் கட்டுகிற ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு யார் காட்டினார்கள்? அவர் பெயர் ஏஜென்சிக்காரர் நோட்டில்தான் இருக்கும். வைரஸுக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியாது.

தடுப்பூசி வந்தது. 2021 ஜனவரி 16 அன்று, கேமராக்கள் பார்த்திருக்க, டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு. வாழ்நாளில் அவரை முதலில் நிற்க வைத்த வரிசை வேறு இருந்திருக்குமா, தெரியவில்லை. அதே நாள் டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் கடிதம் எழுதினார்கள்: எங்களுக்குப் போடும் கோவேக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை முடியவில்லை, அதற்குப் பதில் இன்னொரு தடுப்பூசியான கோவிஷீல்டு கொடுங்கள் என்று. மருந்துக்கு ஆதாரம் கேள் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததை நம்பிவிட்டார்கள், பாவம். எது போடுகிறோமோ அது உனக்கு, ஒப்புதல் படிவத்தில் மட்டும் நீயாகக் கையெழுத்துப் போடு என்பதே பதில். கேட்டவர்களுக்குத் 'தயக்கம்' என்ற பட்டமும் கிடைத்தது. மார்ச்சில் இடைக்கால முடிவு வந்தது, நல்லதாகவே வந்தது; ஜனவரியில் கேட்டது தப்பென்று அதனால் ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் தொற்றுக்காலத்தில் சேர்த்த ஒப்பந்தச் செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்தது என்றார்கள். புத்தாண்டில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். நோய் போனதும் கவச உடையைச் சுருட்டிப் போடுகிற அதே பக்குவம்.

அடுத்த தொற்றுக்குத் தயார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பயன்படுத்திய ஊசி கையில் குத்தினால் ஹெபடைடிஸ் பி வரலாம், மூன்று டோஸ் தடுப்பூசி போட்டால் தடுக்கலாம் என்பது கொரோனாவுக்குப் பல வருடம் முந்தைய பாலபாடம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வார்டு கூட்டுகிற அம்மாவிடம் அந்தத் தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கேயே நின்று கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.