பதற்றத்துக்கு மதிப்பெண்

செக் மொழி பேசும் பெரியவர்களிடம் பதற்றமா என்று கேட்பது எளிது. கேட்ட கேள்வி சரிதானா என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்கிற வினாப்பட்டியல் 2006-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஏழே கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். 10 எடுத்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கூட எடுத்துவிட்டு வீட்டில் பீற்றிக்கொள்ள முடியாத பரீட்சை!

அதைச் செக்கில் மொழிபெயர்த்தாயிற்றா? அடுத்து, கேள்விகள் ஒத்துப்போகின்றனவா என்று அளக்கும் குரோன்பாக் ஆல்ஃபா. 0.7-க்குக் கீழே போனால் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை; 0.95-ஐத் தாண்டினாலோ, கேட்டதையே கேட்கிறீர்கள் என்று வசவு. உண்மையான வேடிக்கை அதற்குப் பிறகுதான். சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் அதே தாளை நீட்டுவார்கள். மதிப்பெண் அதிகம் மாறக் கூடாது. இடையில் கடன் அடைந்து, காதல் கைகூடி, நாலு பேர் நிம்மதியாகத் தூங்கிவிட்டால் தாளின் நம்பகத்தன்மைக்கு ஆபத்து. ஆய்வாளருக்கு வேண்டியவர், சொன்ன சொல் மாறாமல் பதறுகிறவர்.

1908 முதல் பிராக் நகரின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த எழுத்தாளர் காஃப்கா இவர்களிடம் அகப்பட்டிருந்தால்? செக் நன்றாகவே தெரியும். ஆனால் கதை எழுதியது ஜெர்மனில். தாய்மொழி என்ற கட்டத்திலேயே அவரைக் கழித்துக் கட்டியிருப்பார்கள்.