சுடுதண்ணிச் சென்சர் நிரபராதி: திகனயை முன்வைத்து ஓர் ஆய்வு

குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டிப் பிறந்த டிஸ்பென்சரில் சுடுதண்ணி நின்றுபோனால் முதலில் மாட்டிக்கொள்வது வெப்பநிலைச் சென்சர்தான். திரையில் பிழைக் குறியீடு மின்னும். பழுதுபார்க்கும் பாஸ் வருவார், பின்பக்கத் தகட்டைக் கழற்றுவார், "சென்சர் போயிட்டு" என்பார், வீட்டார் தலையாட்டுவார்கள். விசாரணை முடிந்தது. கோழி திருடியவனுக்குக்கூட தெல்தெனிய நீதிமன்றத்தில் இரண்டு தவணை கிடைக்கும். சென்சருக்கு அதுவும் இல்லை. இந்த ஆய்வு அத்தீர்ப்பை மறுக்கிறது. கண்டி மாவட்டத்துத் திகனயில் இந்தப் பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் சொக்கெட்டில் படிந்த களிம்பும் ஊரின் உயரமும் கூட்டுச் சேர்வதே என்று நிறுவுவது இதன் நோக்கம்.

சென்சர் என்று மதிப்பாகச் சொல்லப்படுவது ஒரு சின்னத் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலாகப் புழங்கும் வகையில் 25 பாகை செல்சியசில் 10,000 ஓம். 92 பாகையில் ஏறத்தாழ 880 ஓம். அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஓமைப் பாகையாக்கிக் கணக்குப் பார்ப்பது கருவியின் கட்டுப்பாட்டுப் போர்ட். வயர் அறுந்துபோனால் தடை எல்லையில்லாமல் ஏறும், தண்ணீர் உறைந்து கிடப்பதாகப் போர்ட்டுக்குத் தோன்றும். இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால் தடை பூச்சியம், தண்ணீர் எரிமலைக் குழம்பாகிவிட்டதாகத் தோன்றும். இத்தகைய முழுப்பொய்களைப் போர்ட்டே நம்பாமல் சூடாக்கியை நிறுத்திவிடும். சங்கடம் அரைப்பொய்யில்தான். அதன் பிறப்பிடம் சென்சருக்கும் போர்ட்டுக்கும் நடுவிலுள்ள சொக்கெட். குளிர்ப்பக்கமும் சூட்டுப்பக்கமும் ஒரே கூட்டுக்குள் அடுத்தடுத்து இருப்பதால் அங்கே வியர்க்கும். ஈரம் பட்ட பித்தளை ஊசியில் பச்சைக் களிம்பு படியும். களிம்பு தன் பங்குக்குக் கொஞ்சம் ஓமைக் கூட்டிக்கொள்ளும்.

இனி உயரத்துக்கு வருவோம். திகன கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்பதற்கு அளவு நாடாவும் செய்மதியும் தேவையில்லை. 1985இல் மார்கரெட் தாட்சர் வந்து திறந்துவைத்த விக்டோரியா அணையின் முழு நீர்மட்டம் கடலிலிருந்து 438 மீற்றர். நீர்த்தேக்கம் பக்கத்திலேயே இருக்க, திகன நகரம் இன்னும் நனையாமல் இருக்கிறது. ஆகவே அது 438 மீற்றருக்கு மேலே. (இந்த நிபந்தனையை நிறைவுசெய்யாத பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது.) இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 98.5 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்த பின் எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் ஆவி கூடுமேயன்றிச் சூடு கூடாது.

இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்தால் வழக்கு தெளிவாகிவிடும். போர்ட் 92 பாகைக்குக் காத்திருக்கிறது, அதாவது 880 ஓமுக்கு. சொக்கெட்டில் 165 ஓம் களிம்பு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். போர்ட்டின் கண்ணில் 880 படவேண்டுமானால் தெர்மிஸ்டர் 715 ஓமுக்கு இறங்கவேண்டும். அதற்குத் தண்ணீர் 99 பாகையைத் தாண்டவேண்டும். கொழும்பில் அது நடக்கும். அங்கே தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும், பிளேன்டிக்கு நல்ல சாயம் இறங்கும், வீட்டார் கருவியைப் புகழ்வார்கள். திகனயில் அது ஒருபோதும் நடக்காது. தண்ணீர் 98.5இல் நின்று கொதித்துக்கொண்டே இருக்கும், போர்ட் காத்துக்கொண்டே இருக்கும், கடைசியில் பொறுமை இழந்து குறியீட்டைக் காட்டும், இல்லாவிட்டால் பாதுகாப்புக் கட்-அவுட் விழும். ஒரே கருவி, ஒரே களிம்பு. கொழும்பில் குணம், திகனயில் குற்றம். இதில் சென்சர் செய்த பிழை என்ன? கேட்ட ஒவ்வொரு முறையும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

"புதுச் சென்சர் போட்டதும் சரியாகிவிடுகிறதே" என்பது முதல் ஆட்சேபம், வலுவானதும்கூட. ஆனால் பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது சொக்கெட்டின் ஊசிகள் உரசுகின்றன; உரசலில் களிம்பு உதிர்கிறது. பழையதையே பிடுங்கித் திரும்பச் செருகியிருந்தாலும் இதே பலன்தான், பில் மட்டும் வந்திராது. "மீற்றர் வைத்துப் பார்த்தோம், வயரிங்கில் குறையில்லை" என்பது அடுத்தது. பார்த்தது எப்போது? பிளக்கைக் கழற்றி, தண்ணீர் ஆறிய பிறகு. ஆறிய நிலையில் 10,000 ஓமோடு 165 சேர்ந்தால் 10,165; அரைப் பாகைகூட வித்தியாசம் காட்டாது. அதே 165 சூட்டில் 715க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பூதம். ஆகவே பிளக்கைக் கழற்றியதும் சூடு ஆறுமுன்பே, ஒருதரம் சென்சரின் காலிலும் ஒருதரம் சொக்கெட்டுக்கு அப்பால் போர்ட் பக்கத்திலும் அளக்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே குற்றவாளி.

மின்வெட்டைக் குறைசொல்வோர் ஒரு கட்சி. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னார். கரண்ட் போய்த் திரும்பினால் போர்ட் புதிதாகத் தொடங்கும், பழைய குறியீடு பலவற்றில் அழிந்துவிடும். அந்த வகையில் அக்குரங்கைச் சென்சரின் சாட்சியாகத்தான் அழைக்கவேண்டும், எதிரியாக அல்ல. 2020இல் இந்த வட்டாரத்தில் உணரப்பட்ட சிறு நில அதிர்வுகளை இழுப்போருக்கு, பிரிட்ஜின் கொம்பிரசர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்தச் சொக்கெட்டை ஆட்டுகிறது என்பதே போதுமான பதில்.

சுண்ணாம்புக் கட்சிதான் சற்று மரியாதைக்குரியது. திகனயில் டொலமைட்டும் பளிங்கும் வெட்டியெடுக்கிறார்கள். அந்தப் பாறைக்குள் ஊறிய கிணற்றுத் தண்ணீர் கனமானது, கொதித்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை யாரும் பார்க்கலாம். டாங்கின் சுவரிலும் அது படியும், வெளியே ஒட்டிய சென்சருக்குச் சூடு பிந்தித்தான் போய்ச்சேரும். ஆனால் பிந்துவது வேறு, வராமலே போவது வேறு. சுண்ணாம்பு செய்தியைத் தாமதப்படுத்தும், மாற்றாது. தண்ணீர் நெடுநேரம் கொதித்த பிறகும் எண் ஏறவில்லையென்றால் வினாகிரி ஊற்றிக் கழுவிப் பயனில்லை.

கேத்தல் ஏன் இப்படிப் படுத்துவதில்லை என்று கேட்பதும் நியாயமே. மின்கேத்தலுக்குப் பாகை தெரியாது. ஆவி கைப்பிடிக்குள் போய் ஒரு இரட்டை உலோகத் தகட்டை வளைக்கும், சுவிட்ச் விழும். தண்ணீர் எத்தனை பாகையில் கொதித்தாலும் அதற்கு ஒன்றுதான். எண்ணை நம்பும் கருவிக்கு மலை ஏற ஏற மன்னிப்புக் குறைகிறது. மேற்சொன்ன கணக்குப்படி கொழும்பில் 180 ஓம் வரை களிம்பைத் தாங்கும் போர்ட், திகனயில் 150ஐத் தாங்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குச் சற்று முன்பே கொதிப்பதால் 45 ஓமே தாளமுடியாது. 2,524 மீற்றர் உயரப் பீதுருதாலகால உச்சியில் 92 பாகைக்கு முன்பே கொதிநிலை வந்துவிடும். சொக்கெட் தங்கத்தால் செய்யப்பட்டிருந்தாலும் அங்கே குறியீடு மின்னியே தீரும், பாஸ் ஏறிப்போய்ச் சென்சரை மாற்றியே தீருவார். உச்சி பாதுகாப்பு வலயத்துக்குள் இருப்பதால், ஒளிபரப்புக் கோபுரத்தைக் காப்போர் தேத்தண்ணிக்கு எதை நம்புகிறார்கள் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.