அறுவை வேண்டாத அண்ணாச்சி

எங்கள் தெரு அண்ணாச்சியை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் தெருவில் அவருக்கு வேறு பெயர் இருக்கும், அவ்வளவுதான். வலது மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. ஆள் வருவதற்குப் பத்தடி முன்னால் வந்து சேரும் கோடாலி தைல வாசம். கல்யாண வீட்டில் யாராவது கைகொடுக்கப் போனால் இடது கையை நீட்டி, "வலது கை வழக்குல இருக்கு" என்பார்.

அப்படித்தான் பேசுவார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர். வலியைக்கூடச் சொத்து விவரம் போலத்தான் சொல்வார். "தம்பி, நான்கு மால் கேளு. பெருவிரல் முழுசும், ஆள்காட்டி விரல் முழுசும், பாம்பு விரல் முழுசும், மோதிர விரல்ல சரிபாதி. சுண்டுவிரல் நீங்கலாக."

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்களே என்று மெச்சினாராம். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகளும் மேலே ஒரு தடித்த நாரும் சேர்ந்து ஒரு சந்து. அதற்குள் விரலை மடக்குகிற 9 தசைநாண்களும் 1 நரம்பும் போகின்றன. அந்த நரம்புக்குப் பாத்தியப்பட்டது சரியாக மூன்றரை விரல்தான். சுண்டுவிரலுக்குத் தனி வழி. சந்து வீங்கி நரம்பு நசுங்கினால் கார்பல் டனல்.

"அப்ப இது ஆக்கிரமிப்புக் கேஸுல்லா!" என்றிருக்கிறார் அண்ணாச்சி.

"ஆமா. ரொம்ப முத்திப்போனா அந்த நாரை அறுத்து வழிவிடணும்."

"அறுக்கதெல்லாம் வேண்டாம் சார். பேசித் தீத்துக்கிடலாம்."

டாக்டரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். உள்ளே தகடு வைத்த பட்டையை ராத்திரி தூங்கும்போது கட்டிக்கொண்டு, ஆறு வாரம் கழித்து வாருங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். கேட்காவிட்டால் ஓர் ஊசி. ஆனால் 'அறுத்து' என்ற சொல் காதில் விழுந்த பிறகு மற்றது எதுவும் அண்ணாச்சிக்குள் இறங்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற சின்ன வேலைதான் அது என்று எடுத்துச் சொன்னேன். "ஊசி போற எடத்துல கத்தியும் போவும்" என்று முடித்துவிட்டார்.

அன்று தொடங்கியது யாத்திரை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் உடம்பு முழுவதற்குமான கூலியைக் கொடுத்து, "வலது கை மட்டும் போதும்" என்றார். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வர்ம ஆசானைப் பார்த்தார். அடுத்து, புத்தூர் கட்டு என்று போர்டு வைத்திருந்த ஓர் இடம். அங்கே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலும்பு எங்க முறிஞ்சிருக்கு?" என்று கேட்டார்களாம். "முறியல. முறிஞ்சிரக் கூடாதுன்னுதான் முன்னால வந்திருக்கேன்." பிசியோதெரபியில் உருக்கின மெழுகில் கையை முக்கி எடுத்தார்கள். அந்த மெழுகுக் கையுறையைக் கிழியாமல் உரித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கொஞ்ச நாள் டிவி மேல் வைத்திருந்தார்.

வீட்டிலோ காலையில் முடக்கறுத்தான் தோசை, மாலையில் நொச்சி ஒத்தடம். அறுக்கிற பெயரில் அவர் உள்ளே விட்டது முடக்கறுத்தான் ஒன்றைத்தான். கத்திக்குப் பயந்த மனிதர் கோடாலியை மட்டும் தாராளமாகத் தேய்த்துக்கொள்கிறாரே என்று கேட்டேன். "1928ல இருந்து சிங்கப்பூர்ல இருக்க கம்பெனி, தெரியுமா?" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அறுவைக்கு இப்படிப் பயப்படுகிறவர், அடுத்தவரை அறுப்பதற்கு மட்டும் அஞ்சியதே இல்லை. டீக்கடையில் அகப்பட்டால் முக்கால் மணி நேரம் போயிற்று. டாக்டர் செய்துகாட்டிய பரிசோதனை ஒன்று வேறு அவருக்குக் கிடைத்துவிட்டது: இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, ஒரு நிமிஷம் தலைகீழ் வணக்கம். அதற்குள் விரல் மரத்தால் வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்து நின்ற ஆறேழு பேரை வரிசையாகத் தலைகீழாகக் கும்பிட வைத்து, தன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சடங்கு என்று நினைத்து அவர்களும் கும்பிட்டார்கள்.

விளையாட்டில்லாத விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் மேட்டுச் சதை வற்ற ஆரம்பித்தாலோ, மரத்த விரல் மரத்தபடியே நின்றுவிட்டாலோ, தைலத்தை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். போன சதை திரும்புவது கஷ்டம். அண்ணாச்சி இன்னும் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை.

பட்டை என்ன ஆயிற்று? அதைக் காலை ஆறு மணிக்குக் கட்டுவார். பாங்குக்கு, கோயிலுக்கு, துஷ்டி வீட்டுக்கு எல்லாம் அதோடுதான். நாலு பேர் கூடிய இடத்தில் சர்ர்ரென்று ஒட்டுப்பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுவார்; எப்படியும் ஒருத்தர் "கைக்கு என்ன?" என்று கேட்பார். ராத்திரி ஒன்பதானால் கழற்றி, மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். தூக்கத்தில்தான் மணிக்கட்டு மடங்கி நரம்பு நசுங்கும், பட்டையே அதற்குத்தான் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

"படுத்த பெறகு என்னத்துக்கு? யாரு பாக்கப் போறா?"

ஆகவே இரண்டு மணிக்கு எழுந்து கையை உதறுவார். மதினியும் எழுந்து உப்பை வறுத்துத் துணியில் முடிவார். நொச்சி பறிப்பது, கீரை ஆய்வது, மாவாட்டுவது, அவருடைய வேட்டியைப் பிழிவது எல்லாமே மதினியின் கைதான். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்பதை அண்ணாச்சி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

போன மாசம் அவர் வெளியே போயிருந்த நேரம் மதினி மெல்லச் சொன்னார்.

"எனக்கும் ராத்திரி விரலு மதமதங்குதுல்லா தம்பி. அவுக கழத்தி வச்சதும் அந்தப் பட்டைய நான் எடுத்துக் கட்டிக்கிடுதேன். விடியமுன்ன பழைய எடத்துல வச்சிருவேன்."

"ராத்திரி முழிக்கும்போது பாத்துர மாட்டாங்களா?"

"அவுக உதறுத உதறுல எங்கைய எங்க பாக்கப் போறாக?"

இப்போது அவருக்கு நன்றாகத் தூக்கம் வருகிறதாம். விரலும் தேவலையாம். அண்ணாச்சிக்கு இது தெரியாது. வழியில் பார்த்தால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.