பிளாட்டினம் பேக்கேஜும் பீபெரி கொட்டையும்

கும்பகோணத்தில் என் தாய்மாமா வைத்திருப்பது காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை. பத்துக்குப் பத்து இடம். பாதியை வறுக்கும் உருளையும் அரவை மிஷினும் பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் மாமாவும் ஒரு தராசும் நிற்கிறார்கள். இந்தக் கடைக்கு இணையதளம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நான் ஒருவன்தான். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும், கல்யாணப் பத்திரிகையில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வினையைக் கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தியாகத்துக்காகவே மாமா ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ். பீபெரி, பிளான்டேஷன் ஏ என்று கொட்டைக்குத் தரம் பிரித்தே பழகிய மாமாவுக்கு இது புதிது. லேப்டாப்பில் மாதிரிப் பக்கம் விரிந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கையில் பீங்கான் கோப்பை, நுரைமேல் இலை ஓவியம்.

“யாரு மாப்ளே இது? நம்ம கடைக்கு வந்ததே இல்லையே?”

“மாடல் சார்” என்றார் இளைஞர்.

“சரி, டபரா எங்கே?”

அதற்கு பிளாட்டினத்திலும் வழியில்லை. அடுத்து ‘எங்கள் குழு’ என்றொரு பக்கம். “குழுன்னா நானும் கொட்டை வறுக்கிற பையனும்தான். அவன் பாதி நாள் வரமாட்டான். அதையும் போட்டுடலாமா?”

பெயர் விஷயத்தில்தான் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “டாட் காம் பேரு உங்களுக்கே சொந்தம் சார். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிச்சாப் போதும்.”

“சொந்தம்னா எதுக்குய்யா வருஷா வருஷம் கட்டணும்?”

கேள்வி நியாயமானது. டாட் காம் பெயரை ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும். கட்ட மறந்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். தாத்தா வைத்த பெயருக்குப் பேரன் காலத்தில் வாடகை!

உலகின் முதல் இணையதளத்தை டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் செர்ன் ஆய்வகத்திலிருந்து வெளியிட்டார். ‘வேர்ல்டு வைடு வெப்’ என்ற தன் திட்டத்தை விளக்குவதே அதன் வேலை. தன்னைப் பற்றித் தானே பேசும் அந்தப் பழக்கம் பரம்பரையாக எல்லாத் தளங்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இணையதளமே தண்டம் என்று நான் சொல்லவரவில்லை. பக்கத்திலேயே சுவாமிமலை இருக்கிறது, ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகளோடு. கோலாலம்பூரில் கோயில் கட்டுகிறவர், நடராஜர் எத்தனை அடி, என்ன எடை, திருவாசி எப்படி என்று பார்க்காமல் முன்பணம் அனுப்புவாரா? அவருக்கு ஸ்தபதியின் பழைய வேலைகளை ராத்திரி உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் வேண்டும். சிலை ஊசிப்போகிற பண்டமும் இல்லை. கப்பலில் எத்தனை நாள் போனாலும் நடராஜர் தூக்கிய காலை இறக்காமல்தான் போய்ச் சேருவார்.

காப்பிப்பொடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரைத்த நிமிடத்திலிருந்து மணம் கிளம்பத் தொடங்கிவிடும். அதனால்தான் தெரிந்தவர்கள் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குகிறார்கள். மாமா வறுக்க ஆரம்பித்தால் தெருமுனை வரை தகவல் போய்விடும். காற்றடிக்கும் திசைக்கு மட்டும்தான் விளம்பரம் என்பது ஒரு குறை; செலவு இல்லை.

அப்படியானால் கடைக்கு வரும் போன்களில் என்னதான் கேட்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஞாயிறு கடை உண்டா? சிக்கரி எவ்வளவு போடுவீர்கள்? சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும். ஒரு வரியில் முடியவேண்டிய பதில். ஆனால் மாமா, “வீட்டுல எத்தனை பேரு? பசும்பாலா, பாக்கெட்டா? மாமியார் கூட இருக்காங்களா?” என்று தொடங்குவார். மாமியார் இருந்தால் சிக்கரி குறையும், ஏன் என்று நான் கேட்டதில்லை. பேச்சு முடிவதற்குள் கால் கிலோ அரைக் கிலோவாகியிருக்கும். விலைப்பட்டியலைத் தளத்தில் போட்டால் ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். நஷ்டம் அங்கேதான்.

உண்மையில் கோளாறு வேறிடத்தில் இருந்தது. கைப்பேசி வரைபடத்தில் மாமா கடை, பக்கத்துப் பல் மருத்துவமனைக்குள் இருந்தது. காப்பிப்பொடிக்கு வந்தவர்கள் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். பதிலுக்குப் பல்வலியோடு நம் கடைக்கு வந்த ஒருவர் பீபெரி வாங்கிப் போனதாக மாமா சொல்வார். புள்ளியை நகர்த்தி, கடை நேரத்தையும் போன் நம்பரையும் சேர்த்தேன். காசு செலவில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் விலை போடாமல் பொடி வகைகளை மட்டும் ஏற்றினேன்.

ஆனாலும் ஓசித் திண்ணையை முழுக்க நம்ப முடியாது. சிறுகடைகளுக்கு இலவசமாகத் தந்துவந்த எளிய இணையதளங்களை கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதனால் கடைப் பெயரை மட்டும் மாமா செலவில் பதிவுசெய்து, தளம் கட்டாமல் காலி மனையாக விட்டுவைத்திருக்கிறோம். வேலி போட்டாயிற்று என்கிறார் மாமா.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு போன். “உங்க கடைக்கு வெப்சைட் இருக்கா?” என்று கேட்டார்கள்.

“இருக்கே” என்றார் மாமா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். “எந்தப் பக்கம் வேணும்னு சொல்லுங்க, படிச்சுக் காட்டறேன்.”